போற முள்ளு

அணையில் முதல் முறையாகத் தண்ணீர் ஏறிய வருஷம் சுற்றியிருந்த பள்ளமெல்லாம் முழுகிப்போக, மேட்டில் இருந்த ஒரே காரணத்தால் தப்பித்த எழுபது வீடுகளோடு கரட்டுமேடு ஒரு தீவாக ஆனது. அன்று முதல் அந்த ஊருக்கு உப்பு வருவதும் மருமகள் வருவதும், அந்த ஊரிலிருந்து மிளகாய் போவதும் காய்ச்சல்காரர் போவதும் தண்ணீர் வழியாகத்தான். நாற்பது வருஷம் பரிசலில், பிறகு ஒரு சித்திரையில் அரசாங்கம் லாரியில் ஏற்றி அனுப்பிய, இருபது பேர் உட்காரக்கூடிய வெள்ளை மோட்டார் படகில்.

படகோடு ஒரு மெக்கானிக்கும் வந்தான். இரண்டு நாள் தங்கி ஓட்டப் பழக்கிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. பரிசல் போட்டுப் பழகிய மூன்று பேர் முதலில் உட்கார்ந்தார்கள். ஆயுசு முழுக்கத் தண்ணீரைப் பார்த்தே தண்ணீரில் போனவர்கள் அவர்கள். தண்ணீரை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முள்ளைப் பார் என்றால் அவர்களுக்கு அவமானமாக இருந்தது. ஒருவர் பார்க்கவே மாட்டேன் என்றார். ஒருவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், படகு போய்ச் சேற்றில் ஏறியது. மூன்றாமவர் நிறுத்துவதாக நினைத்து லீவரை முன்னால் தள்ளி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவே கரையேறி நின்றார். ஆடுகளை ஓட்டி முடித்து எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் மயிலாத்தாள், "நானொருக்கா உக்காந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள், யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. இருபது வருஷமாகக் கால் வேகம் கொடுக்கக் கை துணியை வளைத்துவிடும் வேலையைச் செய்தவளுக்கு, வலது கை வேகம் கொடுக்க இடது கை ஸ்டியரிங்கை வளைப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மெக்கானிக் பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தான்.

"இது பெட்ரோல். இது எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு. இது சூடு, இது ஆயில் அழுத்தம், இது பேட்டரி. அஞ்சையும் ஒவ்வொண்ணாப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. வீட்டு ஆளுங்க மொகத்தப் பாக்கற மாதிரி ஒரு பார்வ பாருங்க. எப்பவும் நிக்கற எடத்துல நிக்குதான்னு மட்டுந்தான் தெரியணும். எடம் மாறியிருந்தா அப்பப் படிங்க."

"நிறுத்தறதுக்குங்க?"

"பிரேக் கெடையாதுங்க. லீவர நடுவுல கொண்டாந்து விட்டுட்டு, தானா ஓயற வரைக்கும் பொறுக்கணும். அவசரம்னா பின்னால இழுக்கணும். அப்பறம் ஒண்ணு. திருப்பறப்ப மூக்கு தப்பிச்சுருச்சுன்னு நெனைக்காதீங்க. திரும்பறது முன்னாடி இல்ல, பின்னாடிதான் அகலமா ஒதுங்கும். பாறையில இடிக்கறதெல்லாம் வாலுதான்."

ஐந்து கண்ணாடிகளுக்கும் அப்பால், வலது ஓரத்தில் ஆறாவதாக ஒன்று இருந்தது. வெள்ளை முகம், எண் கிடையாது, எழுத்து கிடையாது, இடது ஓரத்தில் படுத்துக் கிடக்கும் ஒரு சிவப்பு முள் மட்டும்.

"இதுங்க?"

"அது பேனலோட வந்தது. வயரே குடுக்கல. ஒண்ணுங் காட்டாது," என்றான் மெக்கானிக். மறுநாள் போய்விட்டான்.

அதன்பின் இரண்டு வருஷம் மயிலாத்தாள் நாளைக்குப் பதினான்கு தடவை, போக இருபது நிமிஷமும் வர இருபது நிமிஷமுமாக ஓட்டினாள். கோடையில் தண்ணீர் இறங்கித் தலைகாட்டும் பனைக் கட்டைகள் எங்கெங்கே என்பதும், பாசி அடைத்துக்கொண்டால் சூட்டு முள் எத்தனை நேரத்தில் ஏறும் என்பதும் அவளுக்குப் பாடமாயின. எதிர்க்கரையில் படகு தொடும்போதெல்லாம் மண் மேட்டுக்கு மேலே ஒரு பஸ் திரும்பி நிற்கும். இறங்குகிறவர்கள் அதில் ஏறிப் போவார்கள். அவள் படகைத் திருப்பிக்கொண்டு வருவாள். நாளெல்லாம் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தும் அவள் எங்கும் போனதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லிக்கொள்ள நேரமில்லை.

மூன்றாம் வருஷம் ஆடிக் காற்று ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்து வாத்தியார் முன் பலகையில் உட்கார்ந்து தன் சொந்த ஊர் மழையைப் பற்றியும் அங்கே கூரைக்கு மேலே நடந்து போகும் மேகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தபோது, ஆறாவது முள் படுக்கையிலிருந்து எழுந்து, நடுவைத் தாண்டி, வலது ஓரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. படகில் இருந்த பதினாறு பேரும் பார்த்தார்கள். வாத்தியார் இறங்கியதும் அது படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு போனவர் திரும்பவில்லை. அப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு முள் எழுந்தது; அவர்களும் போனார்கள், பொங்கலுக்குக்கூட வரவில்லை. மூன்றுக்கு மேல் சாட்சி எதற்கு என்று ஊர் முடிவு செய்துகொண்டது: படகில் ஏறுகிறவருக்கு ஊரை விட்டுப் போக எத்தனை ஆசை இருக்கிறதோ அத்தனையை அந்த முள் காட்டுகிறது. அதற்குப் போற முள்ளு என்று பெயர் வைத்தார்கள். வயர் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு இப்படி ஒரு முள் இத்தனை நாள் இல்லாமல் எப்படிப் பிழைப்பு நடந்தது என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் படகைக் கேட்டார்கள். நிச்சயம் ஆன சம்பந்தம் ஒன்று நடு அணையில் அறுந்தது. வார்டுக்கு நின்றவர்கள் ஜெயித்தால் ஊரோடு இருப்பார்களா என்பதைப் படகில் உட்கார்ந்து காட்டிவிட்டு ஓட்டுக் கேட்டார்கள். புருஷன் சந்தைக்குக் கிளம்பினால் பெண்டாட்டி தனக்கும் ஏதோ வாங்க வேண்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்னால் ஏறி, புருஷனைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். போகிற ஆசை உள்ளவர்கள் அது தெரியாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டும், பல் விழுந்த வயதில் கூரையில் எறிந்த பல்லை நினைத்துக்கொண்டும், பேசாமல் பழகினார்கள். பேசாதவர்களுக்கு முள் எழவும் இல்லை. எருமைக்கார மாரப்பன் மட்டும் எத்தனை தடவை ஏறி வாய் ஓயாமல் பேசினாலும் அது அரிசி அளவுகூட அசையவில்லை. தன் எருமை எப்படிக் கோபித்துக்கொள்கிறது, கோபித்துக்கொண்டால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது என்று அவன் சொல்லிக் காட்டினால் படகு முழுக்கச் சிரிக்கும். மயிலாத்தாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கரை வந்ததே தெரியாது. அந்த வருஷம் மாரியம்மன் நோன்பில், ஊர் மேல் இத்தனை பிடிப்பு உள்ளவன் என்று மாரப்பனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

அந்த ஊரில் பரிசல் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. வெறும் படகு தண்ணீரைத் தாண்டக் கூடாது. ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால் ஒரு உயிராவது கூட வர வேண்டும். விடியற்காலையில் எதிர்க்கரையில் காத்திருக்கும் பால்காரரையும் நர்ஸம்மாவையும் கூட்டி வர மயிலாத்தாள் தனியாகப் போக வேண்டியிருந்ததால், பலகைக் காலில் ஒரு கோழியைக் கட்டிக் கொண்டு போவாள். கோழியோடு போகும்போதெல்லாம் முள் வலது ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. இதைச் சிரித்துக்கொண்டே அவள் ஊரில் சொன்னபோது, அந்தக் கோழி ஓடுகாலி, மாற்று என்றார்கள். மாற்றினாள். அதற்கும் அப்படியே நின்றது. மூன்றாவதற்கும் நின்றது.

"கோழிக்குத் தெரியாதா, நாம எதுக்கு வளத்தறம்னு?" என்றான் மாரப்பன். "எனக்கே அத நெனச்சாப் பாவமா இருக்குது. ஆனா கொழம்ப நெனச்சா இல்ல."

ஊர் ஒப்புக்கொண்டது. போகிறவர்கள் என்று எண்ணும்போது ஓட்டுகிறவளை யாரும் சேர்த்து எண்ணுவதில்லை.

தை மாதத்தில் பாவாயியின் வீட்டுக்கு மருமகளாக கோகிலா வந்தாள். ரயில் ஜங்ஷன் பக்கத்து ஊர்க்காரி. எதிர்க்கரையில் வளையல் வாங்க, மாவரைக்க என்று வந்துபோன முதல் மாதம் முன் பலகையில் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.

"எங்க வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு வேப்பமரந்தாங்கக்கா. கூட்ஸு போச்சுன்னா அலமாரியில இருக்கற சொம்பு நகருங்க. நகந்து நகந்து ஓரத்துக்கு வந்துரும். எங்கம்மா ராத்திரி படுக்கறதுக்கு முன்னால எல்லாத்தையும் உள்ள தள்ளி வெப்பாங்க. காத்தால பாத்தா மறுபடி ஓரத்துல நிக்கும்."

"அது எங்க போற ரயிலு?"

"ஆருக்குத் தெரியுங்கக்கா. போவும்."

முள் வலது ஓரத்தில் நின்று நடுங்கியது. பின் பலகையில் இருந்த பாவாயி பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். மூன்றாம் தடவை கோழிக்கு நின்ற இடத்தில் மருமகளுக்கும் நின்றதைப் பார்த்துவிட்டு, கரை வந்ததும் மருமகள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனவள் அப்புறம் அவளைப் படகுத்துறைப் பக்கம் விடவில்லை. ஊரும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. மகன் ஆத்தா பேச்சைத் தாண்டாதவன். கோகிலா ஏழு மாதம் தீவிலேயே இருந்தாள். முதல் நாலு மாதம் துறைக்கு மேலே உள்ள மேட்டில் நின்று படகு போவதையும் வருவதையும் பார்த்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

ஆவணியில் ஒரு விடியற்காலை மயிலாத்தாள் கோழியைக் கட்டி, கயிற்றை அவிழ்த்து, லீவரைத் தள்ளினாள். பனி மூட்டத்தில் நடு அணை வரை போய், வழக்கம்போல ஐந்து முள்ளையும் ஒரு பார்வை பார்த்தாள். ஐந்தும் இருந்த இடத்தில் இருந்தன. ஆறாவது வலது ஓரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. "உனக்கும் அத்தனை ஆசையா?" என்று கோழியைத் திரும்பிப் பார்த்தாள். கோழி இல்லை. பலகைக் காலில் கயிறு மட்டும் கிடந்தது. கரையை விடுவதற்கு முன்பே அது காலை உருவிக்கொண்டு இறங்கியிருந்தது.

லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தாள். படகு ஓய்ந்து நின்றது. அந்த அணையில், அந்தப் பனியில், அந்தப் படகில் அவளைத் தவிர வேறு உயிர் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். முள் இறங்கிப் படுத்தது. வைத்தாள், எழுந்தது. எடுத்தாள், வைத்தாள். எதிர்க்கரையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும் வரைக்கும் எடுத்தும் வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருடைய மேகமும் திருப்பூர்க்காரர்களின் பேச்சும் கோகிலாவின் ரயிலும் யாருக்குள்ளே போய் எதை எழுப்பின என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எதிர்க்கரைக்குப் போய்ப் பால்காரரையும் நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். அது போனால் பழையபடி மிஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வேண்டும், உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடமாகவே இருக்கும். குறை என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடையாது. மகளை இரண்டு வீடு தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தாள். புருஷன் நல்லசிவம் மிளகாய்க் காட்டோடு காடாக இருப்பவன், கை ஓங்கினவன் அல்ல. எதற்காகப் போக வேண்டும், எங்கே போக வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கேட்கிற நேரத்தில்கூடக் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் கோகிலாவின் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் செய்தி வந்தது. கோகிலா ஒரு பையோடு துறைக்கு இறங்கி வந்தாள். பின்னாலேயே பாவாயி வந்தாள். படகு புறப்படும் நேரம், ஊரில் பாதி அங்கே இருந்தது.

"நான் போவ வேண்டாம்னு சொல்லுல," என்றாள் பாவாயி. "எம்மவன் போய்ப் பாத்துட்டு வரட்டும். இவ போனா வர மாட்டா. முள்ளு எங்க நின்னுச்சுன்னு நீங்கெல்லாம் பாத்தீங்கல்லொ?"

"அம்மாளுக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறப்ப மவன் போயி என்னத்தப் பண்ணுவான், ஆத்தா? வெத்தலையா மடிச்சுத் தருவான்?" என்றான் மாரப்பன்.

"நீ பேசாத. உனக்கென்ன, பரிவட்டம் கட்டிட்டாங்க."

மயிலாத்தாள் படகில் உட்கார்ந்தபடியே, "பாவாயக்கா, அது அவளக் காட்டுல," என்றாள். சத்தம் போதாமல் மறுபடி சொன்னாள். "அது அவளக் காட்டுல. ஏறுனவங்க ஆரையுங் காட்டுல. இந்த ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறவளக் காட்டுது. என்னத்தான் காட்டுது, ஒரு வருசத்துக்கு மேல."

சிரித்தார்கள். மாரப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவன் கை ஸ்டியரிங்கில் இருக்க, முன் பலகையில் கோகிலா உட்கார, முள் இடது ஓரத்தில் படுத்துக் கிடந்தது. அவனை எழுப்பிவிட்டு மயிலாத்தாள் பிடித்தாள். எழுந்து வலது ஓரத்தில் இடித்தது. கோகிலாவை இறங்கச் சொல்லிவிட்டுப் பிடித்தாள். அங்கேயே நின்றது. மூன்று தடவை இப்படிச் செய்து காட்டினாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் நல்லசிவம் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை மூன்றாம் தடவைதான் அவள் பார்த்தாள்.

அன்று படகு போகவில்லை. மத்தியானம் பஞ்சாயத்துக் கூடி, அறுந்த சம்பந்தம் அறுந்ததுதான், போன ஆள் போனதுதான் என்று பழையதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, இனி நடக்க வேண்டியதைப் பேசியது. போகிற ஆசை உள்ளவளிடம் ஊர்ப் படகைக் கொடுக்கலாமா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாள் மேலாக்கில், ஆறு அணைக்குள் வரும் பக்கமாக, போய்விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். மயிலாத்தாள் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. படகை மாரப்பனிடம் கொடுத்தார்கள். கோகிலாவின் விஷயம் வேறு விஷயம் என்றும், அதை நாளைக்குப் பார்க்கலாம் என்றும் தலைவர் சொன்னார்.

வீட்டில் நல்லசிவம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"எத்தன நாளா?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்துன்னு நெனைக்கறனுங்க. முள்ளுக்கு முன்னால தெரியல."

"எங்க போவோணும்னு இருக்குது?"

"தெரியலீங்க. அது எத்தனைன்னுதான் காட்டுது. எங்கன்னு காட்டறதில்ல."

அவன் தட்டைத் தொட்டுப் பார்த்தான். "கொழம்பு ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டாறன், இரு," என்று எழுந்து அடுப்படிக்குப் போனான். இருபத்தைந்து வருஷத்தில் அவன் குழம்பு சூடு பண்ணியது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

மறுநாள் மாரப்பன் பதினெட்டுப் பேரோடு கிளம்பினான். கால்வாசி தூரம் போய்த் திரும்பி வந்தான். சூட்டு முள் ஒரு நூல் ஏறியிருந்தது என்றான். அதற்கு அடுத்த நாள் ஆயில் முள் இறங்கின மாதிரி இருந்தது என்று திரும்பினான். மூன்றாம் நாள் பேட்டரி. நான்காம் நாள் ஐந்து முள்ளும் நல்லபடியாக இருந்தன. காற்று அதிகமாக இருந்ததால் திரும்பினான். அவன் பொய் சொல்லவில்லை. மயிலாத்தாள் ஒரு பார்வையில் தாண்டிப்போகும் ஐந்தையும் அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். போக ஆசை இல்லாதவனுக்கு ஒவ்வொன்றும் திரும்பி வர ஒரு காரணம் சொன்னது. சந்தைக்குக் கட்டிய மிளகாய் துறையிலேயே பூசணம் பூத்தது. நர்ஸம்மா எதிர்க்கரையில் நின்று கையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் நாள், படகு துறைக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டு அதே இடத்தில் வந்து நின்றபோது, மாரப்பனே இறங்கித் தலைவரிடம் போனான்.

"என்னால ஆவாதுங்க. கரை தள்ளிப் போறப்பக் கை தானாத் திருப்பிருது. அக்கரை எனக்கு எதுக்குன்னு தெரியலீங்க. எருமை வேற தேடும்."

அவனும் தலைவரும் இன்னும் நாலு பேரும் மயிலாத்தாளின் வீட்டுக்கு வந்தார்கள். மிஷினில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"போவோணும்னு இருக்கறவதான் கொண்டு போயிச் சேக்க முடியும்போல," என்றார் தலைவர். "வந்து எடு, மயிலா."

"கோகிலா மொதல்ல ஏறுவாளுங்களா?"

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். ஐந்து நாள் மிளகாய் அவர்கள் எல்லோருடைய முகத்திலும் இருந்தது. "ஏறட்டும்," என்றார்.

பத்து மணிக்குத் துறையில் கூட்டமாக இருந்தது. கோகிலா அதே பையோடு வந்தாள், இளைத்திருந்தாள். முன் பலகையில் உட்கார்ந்தாள். பாவாயி யாரையும் கேட்காமல் ஏறி அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நல்லசிவம் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். மயிலாத்தாள் லீவரைத் தள்ளினாள். முள் எழுந்து வலது ஓரத்துக்குப் போயிற்று. இனி அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், படகு முழுக்க அவளுடைய ஆசையை அவள் கண்ணெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தது. ரவிக்கை இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு இருந்தது. ஆனாலும் ஓட்டினாள்.

நடு அணை தாண்டியபோது பாவாயி, "மயிலா," என்றாள். "ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறவளத்தான் அது காட்டும்னு நீதான சொன்ன?"

"ஆமாங்கக்கா."

"அப்ப இவ கையில குடு. இவளதப் பாத்தர்லாம்."

எஞ்சின் சத்தத்துக்கு மேலே படகில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. "நாயந்தான," என்றார் ஒருவர். "ரெண்டு நிமிசம் புடிச்சாப் போதும்," என்றாள் ஒருத்தி. "தெரிஞ்சு போவும். அம்மாளப் பாக்கத்தான் போறான்னா பயமென்ன?" மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர், இனிமேல் எல்லோரும் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிடலாம், சந்தேகமே இருக்காது என்றார்.

மயிலாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் முள்ளைத் தப்பான ஆள்மேல் படிக்கிறார்கள் என்று சொல்லவாவது இடம் இருந்தது. எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அவள்தான் துறையில் வைத்து மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். இனி யாரும் அதற்கு எதிர்ப்பேச்சுப் பேச முடியாது.

"குடுங்கக்கா, நான் புடிக்கறேன்," என்று கோகிலா எழுந்தாள்.

மயிலாத்தாள் அவள் பக்கம் சாய்ந்து, குரலை இறக்கி, "எங்க நிக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியுங்க. ஏழு மாசத்துக்கு முன்னாடின்னா எந்திரிச்சே இருக்காது. ஊட்டு நெனப்பு வரும், அவ்வளவுதான். ஒரு வாரம் இருந்துட்டு வந்திருப்பேன்." பையை இறக்கி வைத்தாள். "இப்பத் தெரியும். இருந்தாலும் குடுங்க. எத்தன நாளைக்கு இவங்க என் மொகத்தையே பாத்துட்டு இருப்பாங்க."

மயிலாத்தாள் இடம் விட்டு நகர்ந்தாள். கோகிலாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் விழுந்த அதே நேரத்தில் தன் வலது உள்ளங்கையை விரித்து ஆறாவது கண்ணாடியின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"கைய எடு," என்றாள் பாவாயி.

எடுக்கவில்லை.

"மயிலா, கைய எடுன்னு சொன்னேன்."

"பெட்ரோல் இருக்குது, சூடு சரியா இருக்குது, ஆயில் இருக்குது, பேட்டரி இருக்குது, எஞ்சின் சுத்து அளவா இருக்குது. பாருங்க, ஆரு வேண்ணாலும் பாருங்க," என்றாள் மயிலாத்தாள். "படகு போறதுக்கு இந்த அஞ்சு போதுங்கக்கா."

பாவாயி எழுந்து அவள் விரலைப் பிரிக்க வந்தாள். கோகிலாவுக்குப் பழக்கமில்லாததால் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பாவாயி மூட்டை மேல் உட்கார வேண்டியதாயிற்று. யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். ஒருவர் இது ஊர் முள், தனி ஆள் மூடக் கூடாது என்றார். மயிலாத்தாளின் கை அங்கேயே இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடியில் எதுவோ தட்டிக்கொண்டிருந்தது. வலது ஓரத்திலா, நடுவிலா, அது எஞ்சினுடைய அதிர்வு மட்டும்தானா என்று தொட்டு அறிய முடியவில்லை. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தால் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முள் இல்லாமல் போனதால் படகில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மண் மேட்டுக்கு மேலே பஸ் வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பி நின்றது.

"இன்னுங் கொஞ்சம் வேகங் குடு," என்றாள் மயிலாத்தாள் கோகிலாவிடம். "பஸ்ஸு போயிரும்."